கம்ப்யூட்டரைக் கடையில் அசெம்பிள் செய்வதா, நாமே செய்வதா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் எடுத்தால், அசெம்பிள் செய்வதற்குப் பெரும்பாலும் தனிக் கூலி கேட்க மாட்டார்கள். கேட்டாலும் மொத்த விலையில் அது சில்லறைதான். ஆகவே ‘நாமே மாட்டினால் மிச்சம்’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பாகங்களை நாமே தேர்ந்தெடுப்பதில் மிச்சம் உண்டு, திருப்புளி பிடிப்பதில் இல்லை.

முடிவெடுக்க வேறொரு கேள்வி இருக்கிறது. பட்டனை அழுத்துகிறீர்கள், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கோளாறு எதில் என்று யார் கண்டுபிடிப்பது? கடையில் மாற்றிப் பார்க்க வேறு ராம், வேறு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), வேறு மதர்போர்டு கிடக்கும். வீட்டில் கிடக்காது. கைவசம் இன்னொரு கம்ப்யூட்டரும் ஒரு நாள் அவகாசமும் இருந்தால் நீங்களே செய்யலாம். திங்கட்கிழமை வேலைக்கு மெஷின் ஓடியே ஆக வேண்டுமென்றால் கடைதான் சரி.

கடைக்குப் போவதானால் கொட்டேஷனை வரி வரியாகப் பாருங்கள். ‘ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த ஐ5, 2012-ல் வந்த 3-ஆம் தலைமுறையாகக்கூட இருக்கலாம். அதை எச்61 என்ற அந்தக் காலத்துப் போர்டில் மாட்டி, கலர் லைட் எரியும் புது கேபினட்டில் வைத்து விற்பது இன்றும் நடக்கிறது. விண்டோஸ் 11-க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு பாகத்துக்கும் பிராண்டும் முழு மாடல் எண்ணும் கேளுங்கள். பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களுக்கு நிறுவனமே 3 வருட வாரண்டி தருகிறது. பெட்டி இல்லாமல் ட்ரேயில் வருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு. பிராண்டு போடாமல் ‘500 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்றிருந்தால் கடைக்காரர் அங்கேதான் கைவைத்திருக்கிறார். 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்கா, இரண்டு 8 ஜிபியா என்றும் கேளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஒற்றை ஸ்டிக் கேம் வேகத்தை நன்றாகவே குறைத்துவிடும். பில் இல்லாமல் 18% ஜிஎஸ்டியைக் கழித்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரண்டி பாகம் பாகமாகத்தான் கிடைக்கும். சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் பேச முடியாது.

வெளியூருக்குப் பார்சலில் வருவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் பெட்டியிலேயே தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கார்டு ஸ்லாட்டில் தொங்கியபடி லாரியில் குலுங்கினால், கார்டோ ஸ்லாட்டோ விரிசல் விட்டுவிடும்.

நீங்களே செய்வதானால் எடுத்தவுடன் கேபினட்டுக்குள் மாட்ட வேண்டாம். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து டிஸ்ப்ளே வருகிறதா என்று பாருங்கள். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களைத் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். நான்கு ஸ்லாட் போர்டில் ராம் போட வேண்டியது பொதுவாக ப்ராசசர் பக்கமிருந்து 2-ஆவது ஸ்லாட். ஜோடியாகப் போட்டால் 2, 4. இன்டெல் ப்ராசசர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு மாட்டாமல் ஒன்றும் தெரியாது. கார்டு மாட்டியிருந்தால் எச்டிஎம்ஐ கேபிளும் கார்டில்தான், போர்டில் அல்ல.

ஏஎம்டியின் புதிய ப்ராசசர்களுக்கான ஏஎம்5 போர்டில் முதல் முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பலர் பயந்துபோய் இங்கேதான் ஸ்விட்சை அணைக்கிறார்கள். கால் மணி நேரமாவது விடுங்கள்.

அதன் பிறகும் வராவிட்டால் முதல் சந்தேகம் ப்ராசசருக்கான 8 பின் பவர். அதை மறந்தாலும் ஃபேன் சுற்றும். அந்த பிளக் 4+4 ஆகப் பிரியும். 6+2 ஆகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கானது. பலவந்தமாகச் செருகாதீர்கள். அடுத்து ராமைக் கழற்றி, கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். வெளியே ஓடியது கேபினட்டுக்குள் ஓடவில்லையென்றால், போர்டை ஏந்தக் கேபினட்டில் திருகும் பித்தளைத் தாங்கி ஒன்று, போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்று ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள்.

இரண்டு தவறுகளுக்குப் பரிகாரம் இல்லை. ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் பின் வளைந்தால் வாரண்டி கிடைக்காது. ப்ராசசரை நேராக இறக்குங்கள், சாக்கெட்டை மூடிவந்த பிளாஸ்டிக்கையும் எறியாதீர்கள். பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய வகை) கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. பிளக் ஒன்றுபோல் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். ஹார்டு டிஸ்க் அங்கேயே போய்விடும்.

கடையில் செய்வதற்கும் நாமே செய்வதற்கும் நடுவே ஒரு வழி உண்டு. பாகப் பட்டியலை நீங்கள் போட்டுக் கொடுத்து, கடையில் கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள். புறப்படுமுன் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை), ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ராம் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். கூலர் அடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.