கட்சிகளால் மக்கள் பிளவுபட்டிருக்கும் காலத்தில் நிதானம் இழக்காமல் இருப்பது எப்படி

ஒரு புதிய சட்டத்தையோ திட்டத்தையோ பற்றிய செய்தியைப் படிக்கும்போது, அதைக் கொண்டுவந்த கட்சியின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு உங்களுக்கு அறவே பிடிக்காத கட்சியின் பெயரை அந்த இடத்தில் வைத்து மறுபடியும் படியுங்கள். முதல் முறை 'துணிச்சலான நடவடிக்கை' என்று தோன்றியது, இரண்டாம் முறை 'அராஜகம்' என்று தோன்றினால், நீங்கள் எடைபோட்டது திட்டத்தை அல்ல, அதன் மேலிருந்த பெயரை. அரசியலில் நிதானமாக இருக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் பயிற்சி இதுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது; ஆனால் நேர்மையாகச் செய்தால் மனம் கொஞ்சம் கூசும்.

இந்தப் பழக்கம் ஏன் தேவை என்பதை ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஏழைகளுக்கான அரசு உதவி பற்றி, தாராளமானது ஒன்றும் கடுமையானது ஒன்றுமாக இரண்டு திட்டங்களை அமெரிக்க மாணவர்களுக்கு அவர் காட்டினார். எந்தத் திட்டத்தைத் தங்கள் கட்சி ஆதரிப்பதாகச் சொல்லப்பட்டதோ, அது தங்கள் கொள்கைக்கு நேர்மாறாக இருந்தபோதும், மாணவர்கள் அதையே ஆதரித்தார்கள். இன்னும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: கட்சியின் நிலைப்பாடு தங்களைப் பாதிக்கவில்லை என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள், மற்றவர்களை, குறிப்பாக எதிரணியினரை, அது பாதிக்கும் என்றும் நம்பினார்கள். ஆகவே, 'நான் சுயமாகச் சிந்திக்கிறவன்' என்ற உணர்வு மட்டுமே அதற்கு ஆதாரமாகிவிடாது. பெயரை மறைத்துப் படிப்பது போன்ற ஒரு புறச்சோதனை வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். நிதானம் என்பது இரு தரப்புக்கும் நடுவில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே நின்றுகொள்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஒருவன் பிறர் நிலத்தை அபகரிக்க வந்தால், பாதியைக் கொடுத்துவிடுவது நிதானமாகாது. 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த உடன்பாடு அப்படித்தான் ஆனது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. இதற்கு மாறாக நெல்சன் மண்டேலாவைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் 27 ஆண்டுச் சிறைவாசத்தின்போது, தம்மை ஒடுக்கியவர்களின் மொழியான ஆஃப்ரிகான்ஸைக் கற்றுக்கொண்டார்; அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முயன்றார்; 1994 தேர்தலில் வென்ற பிறகு, முந்தைய அதிபர் டி கிளார்க்கைத் துணை அதிபர்களுள் ஒருவராக அமர்த்திக்கொண்டு ஆட்சி நடத்தினார். கோரிக்கையில் உறுதி, எதிரில் இருப்பவரையும் மனிதராகக் காணும் பொறுமை என்ற இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியும். இந்தக் கட்டுரையில் நிதானம் என்று நான் குறிப்பது அதைத்தான்.

இரண்டாவது பயிற்சிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நீங்கள் தீவிரமாக ஆதரிக்கும் அல்லது எதிர்க்கும் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு, அது ஏன் சரி என்று எழுதாமல், நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். 2013இல் ஃபெர்ன்பாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். ஒரு கொள்கை எவ்வாறு செயல்படும் என்று விளக்க முற்பட்டவர்கள், தாங்கள் நினைத்த அளவுக்கு அது தங்களுக்குப் புரிந்திருக்கவில்லை என்று உணர்ந்தார்கள். அவர்களுடைய கருத்தின் தீவிரமும் குறைந்தது. தங்கள் கருத்துக்கான காரணங்களை மட்டும் அடுக்கியவர்களிடம் அந்த மாற்றம் ஏற்படவில்லை.

என் அண்ணனும் நானும் அரசியலில் எதிரெதிர் அணி. ஒரு தேர்தலுக்குப் பிறகு பல மாதங்கள் சரியாகப் பேசிக்கொள்ளாமலே இருந்தோம். பிறகு ஒருநாள், பேருந்துக் கட்டணத்தை எல்லோருக்கும் முழுவதுமாக நீக்கலாமா என்ற பேச்சு வந்தது. அவர் வேண்டும் என்றார், நான் வேண்டாம் என்றேன். குரல் உயரத் தொடங்கியதும், ஒரு தாளை நடுவில் வைத்துவிட்டு, "சரி அண்ணே, நாளைக்கே இது அமலுக்கு வருதுன்னு வச்சுக்குவோம். முதல்ல என்ன நடக்கும், நீங்களே சொல்லுங்க" என்றேன். கூட்டம் கூடும் என்று எழுதினார். அப்படியானால் கூடுதல் பேருந்துகள் வேண்டும். அவற்றுக்கு ஓட்டுநர்கள் வேண்டும். அந்தச் சம்பளம் எந்த வரியிலிருந்து வரும் என்ற இடத்தில் அவருடைய பேனா நின்றது. அடுத்து என் முறை. கட்டணம் தொடர்ந்தால் அதை வசூலிப்பதற்கே எவ்வளவு செலவாகிறது, கட்டணத்துக்கு அஞ்சி வேலை தேடிப் போகாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. "இதை நான் யோசிச்சதே இல்லடா" என்று அவர் சொன்னபோது, அதே வார்த்தைகள் என் நாவிலும் இருந்தன. அன்று இருவருமே கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்த கேள்விகள் இருவருக்கும் பொதுவாகிவிட்டன.

இத்தகைய பேச்சுக்கு இடம் முக்கியம். பார்வையாளர்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் யாரும் தோற்க விரும்ப மாட்டார்கள். அதனால் கூட்டுக் குடும்ப விருந்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ தொடங்காதீர்கள். இருவர் மட்டும் இருக்கும்போது, "நீ எப்படி அந்தக் கட்சியை ஆதரிக்கலாம்?" என்று கேட்காமல், "இந்த விஷயம் உன் வாழ்க்கையில் எப்போது முக்கியமாகத் தோன்றியது?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் மறுப்பதற்கு விரையாமல், கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2016இல் புரூக்மேன், கல்லா ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், திருநர் மீதான வெறுப்பைக் குறைக்கும் நோக்கத்துடன் வீடு வீடாகச் சென்று, வாக்காளர்களின் சொந்த அனுபவங்களைக் கேட்டு நடத்திய சுமார் பத்து நிமிட உரையாடல்களின் விளைவு குறைந்தது மூன்று மாதங்கள் நீடித்தது. வாதத்தில் மடக்கியதால் கிடைத்த மாற்றம் அல்ல அது.

எதிரணியில் இருப்பவர்கள் யார் என்பதைப் பற்றிய நம் கணக்கும் பெரும்பாலும் பிழையானதே. அமெரிக்காவில் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்டபோது, மக்கள் சராசரியாக 38 என்றார்கள். உண்மை சுமார் 2 மட்டுமே. 2018இல் வெளியான இந்த ஆய்வைச் செய்த ஆலர், சூத் என்ற இரு ஆய்வாளர்கள், அங்குள்ள மற்றொரு பெரிய கட்சியான ஜனநாயகக் கட்சியைப் பற்றியும் இதே வகையான மிகை மதிப்பீட்டைக் கண்டார்கள். 'அவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, உங்களுக்கு நேரில் தெரிந்த மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் தேறவில்லை என்றால், உங்கள் பழக்கவட்டம்தான் முதலில் விரிவடைய வேண்டும்.

வந்த செய்தியைப் பகிர்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். உங்களைக் கோபப்படுத்தும் செய்தியை ஓர் இரவு அப்படியே வைத்திருங்கள்; காணொளியின் தேதியைப் பாருங்கள்; உங்கள் கட்சிக்குச் சாதகமான செய்தியாக இருந்தால் இரண்டு மடங்கு கவனமாகச் சரிபாருங்கள், ஏனென்றால் அதைச் சோதிக்க உங்கள் மனம் தானாக முன்வராது.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் அதுவே. உங்களுக்குப் பிடித்த தலைவர் ஒருவர், நல்ல காரணத்துக்காகவே, நீதிமன்றத்தையோ தேர்தல் விதிகளையோ பத்திரிகைகளையோ கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கேட்கும்போது, அதே அதிகாரம் அடுத்த தேர்தலில் நீங்கள் மிகவும் அஞ்சும் தலைவரின் கைக்குப் போவதாக எண்ணிப் பாருங்கள். அப்போதும் சம்மதம் என்றால் ஆதரியுங்கள். சம்மதம் இல்லை என்றால் அதை இப்போதே, உங்கள் கட்சிக்காரர்களிடமே சொல்லுங்கள். எதிரணியிலிருந்து வரும் எச்சரிக்கையை அவர்கள் கேட்கப் போவதில்லை. கூடவே கொடி பிடித்து நடந்த ஒருவர் சொன்னால், ஒரு சிலராவது நின்று கேட்பார்கள்.