அணைக்குக் கீழே ஓடும் காப்பு ஆறு: எந்த மதகைத் திறப்பது?

காப்பு ஆறு என்றால் இயற்கை நிலை மாறாமல் காக்கப்படும் ஆறு; அதற்குள் இயந்திரம் இறக்கவோ தடுப்பு கட்டவோ கூடாது. அதனால் தண்ணீரை அணையிலேயே சரிசெய்துதான் அனுப்ப வேண்டும்.

வெயில் காலத்தில் நீர்த்தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள நீர். அடியில் குளிர்ந்த கனமான நீர். அங்கே மட்கும் கழிவுகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும், சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து மேலே வரும். அடிமதகைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடால்.

முதல் வேலை, அணையை ஒட்டிய ஆழமான இடத்தில் படகை நிறுத்தி, ஒவ்வொரு மீட்டருக்கும் வெப்பநிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் அளப்பது. ஒவ்வொரு ஆழத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். சவ்வு வகை சென்சாராக இருந்தால் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் விட்டால் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே குடித்து, குறைவாகக் காட்டும். ஒரு மீட்டருக்குள் வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் சரியும் இடம்தான் அடுக்குகளின் எல்லை. வெயில் காலத்தில் வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள்.

பல மட்டங்களில் மதகு இருந்தால் கலந்து விடலாம். மேல்நீர் 26 டிகிரி, ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மி.கி.; கீழ்நீர் 14 டிகிரி, 1 மி.கி. என்று வையுங்கள். மேலிருந்து 65 பங்கு, கீழிருந்து 35 பங்கு விட்டால் ஏறத்தாழ 22 டிகிரியில் 5.2 மி.கி. கிடைக்கும். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். ஆனால் குளிர்நீர் மீன்கள் வாழும் ஆற்றுக்கு 22 டிகிரி அதிகம், 5.2 மி.கி.யும் போதாது. அங்கே கீழ்நீரையே எடுத்து, டர்பைனில் காற்று உறிஞ்சும் துளைகளைத் திறந்தோ, நீரைச் சிதறடிக்கும் வால்வு வழியாகவோ காற்றேற்றுங்கள்.

கரையும் காற்று அளவு மீறினாலும் ஆபத்து. வழிந்தோடியிலிருந்து (அணையின் உபரிநீர் வெளியேறும் வழி) நீர் ஆழமான குழியில் விழும்போது காற்றுக்குமிழ்கள் அழுத்தத்தில் கரைந்துவிடும். மொத்தக் கரைவாயு, நீர் இயல்பாகத் தாங்கும் அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினால் மீனின் செவுளிலும் கண்ணிலும் குமிழ் கட்டும். ஒரே கதவில் கொட்டாமல் பல கதவுகளில் பிரித்து விடுங்கள்.

மதகை மூடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சட்டென்று மூடினால் கூழாங்கல் திட்டுகளுக்கு நடுவே குட்டைகள் பிரிந்து, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் அதில் மாட்டிக்கொள்ளும். குஞ்சுகள் இருக்கும் காலத்தில் நீர்மட்டம் மணிக்கு 5 செ.மீ.க்கு மேல் இறங்காதபடி படிப்படியாக மூடுங்கள். காப்புப் பகுதியின் தொடக்கத்தில் அளவுகோல் நட்டு, அங்கே பார்த்து முடிவெடுங்கள். மதகடியில் தெரியும் மட்டத்தை நம்ப வேண்டாம்.

வண்டல் வெளியேற்ற அடிமதகைத் திறப்பதென்றால் வெள்ளம் வரும் நாளில் மட்டும். கோடையில் திறந்தால், ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேறு கலங்கலோடு இறங்கி, முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளை அடைத்துவிடும்.

ஆற்றில் அளப்பதை விடியலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை ஏற்றிக் காட்டும். உண்மையான குறைவு விடியலுக்கு முன்தான் தெரியும். டர்பைன் நின்றிருந்து மீண்டும் ஓடத் தொடங்கும் முதல் மணி நேரத்திலும் விடாமல் அளந்து பாருங்கள்.