திறப்பு இல்லாத பழைய பைக்கை எடுத்தால் செய்யக்கூடாதவை

மட்டக்களப்புப் பக்கம் எந்த வளவுக்குள் போனாலும் கோடிப்புறத்தில், கிடுகுக் கொட்டிலுக்குக் கீழே, கோழி அடைகிற இடமாக ஒரு பழைய பைக் நிற்கும். வைத்திருந்தவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போயிருப்பார். திறப்பு எங்கே என்று கேட்டால் அலுமாரிக்குள் கொஞ்சநேரம் தேடிவிட்டு, "இங்கதான் இருந்தது, வெள்ளத்தோட போயிட்டுது போல" என்பார்கள். ஆரையம்பதியில் பெரியப்பா வீட்டில் இப்படி நின்ற ஹொண்டா சீடி 125 ஒன்றைத்தான் நான் எடுத்துத் திருத்தினேன். உண்மையைச் சொன்னால் காலம் உடைத்ததை விட, முதல் வாரத்தில் அவசரப்பட்டு நான் உடைத்ததைத் திருத்தத்தான் அதிகம் செலவானது.

முதல் தவறு பைக்கைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. திறப்பு இல்லை என்றவுடன் எல்லாரும் பூட்டுக்காரரைத் தேடுகிறோம், யாருடைய பைக் என்று தேடுவதில்லை. பைக்கின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கிற பெயர் விற்கிறவருடைய பெயராக இருக்காது. பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட திறந்த பேப்பரில் மூன்று கை மாறி வந்திருக்கும், பதிவுப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அப்புறம் சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பைக்கிலேயே பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். சேஸி இலக்கம் பெரும்பாலும் ஸ்டியரிங் கழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும், துருவுக்குள் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். எங்கள் ஊரில் எஞ்சின் மாற்றிய பைக் சாதாரணம், ஆனால் அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்க வேண்டும். திறப்பும் இல்லை, புத்தகமும் இல்லை, விலை மட்டும் மலிவு என்றால் அது களவுப் பைக்காக இருக்கலாம். அதைத் தொடாமல் விடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இதைப் பலர் செய்கிறார்கள்: துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டரைப் பிடித்துக் கழுத்துப் பகுதியை உரசி சேஸி இலக்கத்தையே அழித்துவிடுவது. பெயின்ட் பாஸிடம் கொடுத்தாலும் அந்த இடத்தில் பட்டி பூசி மூடிவிடுவார். வேலை தொடங்குமுன் படம் எடுத்து வையுங்கள், இலக்கத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். இலக்கம் அழிந்த பைக்கை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அது உங்கள் பெயருக்கு வராது.

சரி, பூட்டு. ஸ்டியரிங் பூட்டியபடி ஒரு பக்கம் திரும்பி நின்ற பைக்கை நான் இரும்புக் குழாய் ஒன்றை நெம்பாக வைத்துத் திருப்பப் பார்த்தேன். பூட்டு உடையவில்லை. அது போய் விழுகிற குழியின் விளிம்புதான் பிதுங்கியது, அதை ஒட்டி எடுக்க லேத் பட்டறையில் இரண்டு நாள். காத்தான்குடியில் திறப்பு வெட்டுகிற ஒரு பெரியவரிடம் கடைசியில் போனபோது அவர் சிரித்தார். "பைக்க இழுத்துக்கிட்டு வராதீங்க மகன், லேசாக் கழருற பூட்டு ஒண்டக் கொண்டாங்க, மிச்சத்த நான் பாக்கிறன்." பல மாதிரிகளில் இக்னிஷன், ஸ்டியரிங், டாங்கி மூடி எல்லாவற்றுக்கும் ஒரே திறப்புத்தான். சீட்டுப் பூட்டோ ஹெல்மெட் பூட்டோ இரண்டு ஆணியில் கழன்று வந்துவிடும். அதைப் பிரித்து உள்ளே இருக்கிற தகடுகளின் உயரத்தைப் பார்த்து அவர் திறப்பு வெட்டிவிடுவார். சில ஜப்பான் பூட்டுகளின் உடம்பிலேயே திறப்பு இலக்கம் அடித்திருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். உப்புக் காற்றில் இறுகிய பூட்டுக்குள் கிறீஸ் அடிக்க வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுகும். துருநீக்கி ஸ்பிரேயால் கழுவிக் காய்ந்த பிறகு பென்சில் கரியைத் தூளாக்கிப் போட்டால் போதும். இந்தியப் பைக் என்றால் இந்தத் தலையிடியே வேண்டாம், முழு லொக் செட்டும் பாகக் கடைகளில் கிடைக்கும்.

இக்னிஷன் வயரை வெட்டி ஒரு வீட்டு சுவிச் போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தற்காலிகம் என்றுதான் சொல்வார்கள், ஐந்து வருடமாக அந்தத் தற்காலிகம் ஓடும். அந்த சுவிச்சை யாரும் தட்டலாம், பொலிஸ் மறித்தால் உங்களிடம் இருக்கிற புத்தகத்தைக்கூட நம்பமாட்டார்கள்.

டாங்கி மூடி திறக்கவில்லை என்று துளை போடப் போகிறவர்களுக்கு: பழைய பெற்றோல் வற்றியிருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், டிரில்லில் இருந்து வருகிற ஒரு பொறி போதும். டாங்கியைக் கழற்றி, பெற்றோல் குழாய் வழியாக இருப்பதை வடித்து, மூடியைப் பூட்டுக்காரரிடம் விடுங்கள். உள்ளே துரு என்றால் கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றுவது நம்மவர் வழக்கம். அது துருவோடு தகட்டையும் தின்னும். கடையில் விற்கிற தென்னங்கள்ளு வினாகிரி போதும், ஒரு துண்டுச் செயினையும் போட்டுக் குலுக்கி ஓரிரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, உடனே உட்சுவரில் எண்ணெய் படவிட வேண்டும். ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் விடியும்போது மறுபடி செம்மஞ்சள்.

ஆனால் காபரேட்டரை அந்த வினாகிரிக்குள் ஊறப்போட வேண்டாம், அந்த உலோகத்தை அது அரிக்கும். பெற்றோல் போகிற சின்னத் துளையான ஜெட் அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள், துளை ஒரு மயிர் அளவு பெருத்தாலும் பைக் பெற்றோலைக் குடிக்கும். மீன்காரரிடம் மெல்லிய தங்கூசி நைலோன் நூல் ஒரு துண்டு வாங்குங்கள், அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

எஞ்சினைப் பற்றிச் சொல்வதென்றால் எல்லாருடைய ஆசையும் ஒன்றுதான், முதல் நாளே உதைத்துப் பார்ப்பது. வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். நீங்கள் பலம் கொண்டமட்டும் உதைத்தால் ரிங் உடையும், அல்லது கிக் தண்டின் பல் வழுகும். பிளக்கைக் கழற்றி (சீடி 125 இரட்டைச் சிலிண்டர், இரண்டையும்தான்) டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பிறகு டொப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தாலும் உதைக்க வேண்டாம், பழைய ஒயிலை வடித்துப் பாருங்கள். பாலூற்றிய தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் நின்ற பைக்குகளில் நான் பார்த்தது இதுதான். கடல்தண்ணீர் குடித்ததென்றால் இன்னும் மோசம், பெயரிங் எல்லாம் குழிவிழுந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்காமல் ஓட்டவே கூடாது.

பிரிக்கும்போது இன்னொன்று. ஜப்பான் பைக்கின் நட்சத்திர ஆணிகளுக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் சரியாகப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

பற்றரி போடுமுன் பைக் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள், வயரை எலி கடித்திருக்கிறதா என்றும். டயர் பூ தேயாமல் புதிதாகத் தெரியும், ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 1814 என்றால் 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டிய ரப்பர் கல் மாதிரி, மழையில் பிடிக்காது.

நான் கோட்டைவிட்டது பிரேக்கில். பின் டிரம்மைத் திறந்தேன், உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் தடிப்பாக இருந்தது, மூடிவிட்டேன். பழைய லைனிங் தேயாமலேயே பசை விட்டுக் கழரும் என்று அப்போது தெரியாது. முதல் ஓட்டத்தில் கல்லடிப் பாலம் தாண்டித் திரும்பி வரும்போது அது கழன்று டிரம்முக்குள் சிக்கிச் சக்கரம் இறுகிவிட்டது. மெதுவாக வந்ததால் விழவில்லை. வீதியோரமாக இருந்து டிரம்மைப் பிரித்து, லைனிங்கைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, ஆரையம்பதி வரை உருட்டினேன். வாசலில் நின்ற பெரியப்பா என்னையும் பைக்கையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, புதுத் திறப்பையும் துலைச்சிட்டியா?"