காருக்கு ஜிபிஎஸ் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் நுழைந்து "ஜிபிஎஸ் வேணும்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் டேஷ்போர்டில் பொருத்தும் ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை எடுத்து வைப்பார்கள். அடுத்த கடையில் சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை நீட்டுவார்கள். அது டிராக்கர். வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் போனுக்குத் தகவல் அனுப்பும், அவ்வளவுதான். உங்களுக்கு வழி சொல்லாது. வாடகை வண்டிகளிலும் பஸ்களிலும் அரசு கட்டாயமாக்கிய ஏஐஎஸ் 140 கருவியும் இந்த டிராக்கர் ரகம்தான். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரைத்தானே வைத்திருக்கிறோம்.

இந்தக் குழப்பம் தீர்ந்தாலும் அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று பாக்கி இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் மட்டும்தான் ஒலிபரப்புகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், வண்டி நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுவிடும். அந்த இடத்தில் சாலை இருக்கிறதா, அது ஒருவழிப் பாதையா, மேலே பாலம் போகிறதா என்பதெல்லாம் மேப்புக்குத்தான் தெரியும். எந்த வழியாகப் போகலாம் என்று முடிவெடுப்பது மென்பொருள். "இதுல ஜிபிஎஸ் ரொம்ப ஸ்ட்ராங் சார்" என்று கடைக்காரர் சொன்னால், முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். ஆனால் நடுரோட்டில் நாம் திணறுவது பெரும்பாலும் மற்ற இரண்டால்தான்.

அதனால் கருவியைப் பார்ப்பதற்கு முன்னால், அதில் இருப்பது யாருடைய மேப், அதை யார் புதுப்பிப்பார்கள், எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பழைய கார்மின், டாம்டாம் கம்பெனி நேவிகேஷன் கருவியைக் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊரில் சகஜம். இலவசமாக வந்தது என்றாலும் அதற்குள் இருப்பது அந்த ஊர் மேப். இந்திய மேப்பைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியிருக்கும், அந்த மாடலுக்கு அது கிடைத்தால். "லைஃப்டைம் மேப் அப்டேட்" என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறதே என்று கேட்கலாம். யாருடைய ஆயுள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இனி மேப் அப்டேட் வராது என்று டாம்டாம் 2018இல் அறிவித்தது. லைஃப்டைம் என்பது கருவியின் பயன்பாட்டுக் காலம்தான், வாங்கியவரின் ஆயுள் அல்ல என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

பழைய கருவிகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஜிபிஎஸ் சிக்னலில் வாரங்களை எண்ணும் எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தத் திருப்பம் கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது. மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் அதைச் சமாளிக்க முடியாமல் தடுமாறின. 2022 ஜனவரியில் ஹோண்டாவின் பழைய கார்கள் பலவற்றில் நேவிகேஷன் கடிகாரம் 2002ஆம் ஆண்டுக்குப் போய் நின்றதற்கும் இதே மாதிரி வாரக் கணக்குதான் காரணம் என்றார்கள். ஓஎல்எக்ஸில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கருவியை வாங்க நினைப்பவர்கள், அதற்குக் கடைசியாக எப்போது மென்பொருள் அப்டேட் வந்தது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சொந்த உபயோகத்துக்குக் கார் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோருக்குத் தனி நேவிகேஷன் கருவி தேவையில்லை. போனில் ஓடும் மேப்பைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு நல்ல திரை போதும். மேப் போனில் இருக்கும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழே சர்வீஸ் ரோட்டில் போக வேண்டுமா என்று சொல்லும் வசதியைக் கூகுள் மேப்ஸ் இந்தியாவில் 2024 ஜூலையில் அறிவித்தது. அதற்காக யாரும் புதுத் திரை வாங்கவில்லை; செயலி அப்டேட் ஆனது, அவ்வளவுதான். மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியையும் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. சந்திப்புகளைப் படமாகவே காட்டும் விஷயத்தில் அது கைதேர்ந்தது.

"மலையில டவர் இருக்காதே, அப்ப போன் என்ன பண்ணும்?" என்ற கேள்வி அடுத்து வரும். தனிக் கருவி விற்பவர்களின் பிரம்மாஸ்திரம் இதுதான். ஜிபிஎஸ் சிக்னலை வாங்க இன்டர்நெட்டே வேண்டாம். டவர் இல்லாவிட்டால் போனில் மேப் படம்தான் வராது. கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வைத்துவிட்டால் வால்பாறை போகும்போதும் அம்பு நகரும், குரலும் வழி சொல்லும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது.

அதே சமயம், மலையில் எந்த மேப்பையும் கண்மூடி நம்பாதீர்கள். சில தனிக் கருவிகளில் "குறைந்த தூரம்" என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால் கல்லட்டி மலைப்பாதையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், மோசமான சரிவு. விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு விதித்த சாலை அது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லிப் போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிடும். எப்போதோ ஏற்றிய மேப்போடு இருக்கும் பெட்டிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சரி, திரைதான் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இனி ஏமாறும் இடங்கள் வேறு. மலிவு விலை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் ரேம் அளவையும் அப்படியே நம்ப முடியாது. பழைய பதிப்பை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் புது எண்ணை மட்டும் எழுதிவிடுவார்கள். கருவிக்குள் இருப்பதைத் தனியாகப் படித்துச் சொல்லும் சிபியு-இசட் மாதிரி ஒரு செயலியைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று கடைக்காரர் தடுத்தால் அதுவே பதில். அப்புறம், ஏசி கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் எதுவும் தெரியாத திரைகள் நிறைய உண்டு. முடிந்தால் வெளியே நிற்கும் ஒரு வண்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழாவது இருப்பது நல்லது. ஓட்டும்போது கண்ணாடித் திரையில் விரலை வைத்துத் தேடுவது ஆபத்து.

பெட்டியில் "நாவிக் சப்போர்ட்" என்று இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஜிபிஎஸ் மாதிரி நம் நாடே அமைத்த இந்தச் செயற்கைக்கோள் அமைப்புக்கு முதல் செயற்கைக்கோள் 2013இல் போனது. ஆனால் ஆரம்பக் காலச் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே பேசின. மலிவான கருவிகள் கேட்கும் எல்1 அலைவரிசை 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில்தான் வந்தது. சில செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. எல்1, எல்5 இரண்டையும் வாங்கும் கருவி என்றால் மட்டும் விசேஷம். உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை அது நன்றாகவே சமாளிக்கும்.

இனி ஆன்டெனா. புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம். ஸ்டீரியோவோடு தீப்பெட்டி அளவில், அடியில் காந்தம் வைத்த ஒரு கறுப்புத் துண்டு நீளமான வயரோடு வரும். அதன் மேல்பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஃபிட்டர் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால், இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் சுருட்டித் திணித்துவிடுவார். அப்புறம் நாம் அண்ணா சாலையில் போகும்போது அம்பு கூவம் ஆற்றில் நீந்தும். டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்கு அடியில், முன்கண்ணாடியை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சிக்னலைத் தடுக்காது, உலோகம் தடுக்கும். வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி உள்ள கார்களில், அந்தப் பூச்சு இல்லாத பகுதியாகப் பார்த்து வைக்க வேண்டும். வயரைக் கண்ணாடியோரத் தூண் வழியாக இழுத்தால், உள்ளே இருக்கும் ஏர்பேக்கின் குறுக்கே போகக் கூடாது.

வேலை முடிந்ததும் வண்டியைக் கூரைக்கு வெளியே எடுத்து நிறுத்தி, செயற்கைக்கோள் சிக்னலைக் காட்டும் செயலி ஒன்றில் பாருங்கள். பல செயற்கைக்கோள்களுக்குச் சிக்னல் வலிமை எண் 35க்கு மேல் காட்டினால் நல்லது. எல்லாம் 25க்குக் கீழ் என்றால் ஆன்டெனாவை இடம் மாற்றச் சொல்லுங்கள். முதல் தடவை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகலாம், அதில் தப்பில்லை. போன் சீக்கிரம் பிடிப்பதற்குக் காரணம், செயற்கைக்கோள்களின் தடத்தை அது இன்டர்நெட்டில் முன்கூட்டியே வாங்கிவிடுவதுதான்.

வயரிங் பற்றி ஒரே வார்த்தை: வெட்ட விடாதீர்கள். வயரை வெட்டாமல் அப்படியே செருகிக்கொள்ள உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கிடைக்கும். கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டிப் பேச்சு வரும்போது சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிடும். சாவியை எடுத்த பிறகும் திரை ஓய்வெடுக்காமல் கரண்ட் இழுத்தால், நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பேட்டரி காலியாகி வண்டி ஸ்டார்ட் ஆகாது.

போனே போதும் என்பவர்கள் நல்ல ஸ்டாண்டு வாங்குங்கள். 2020 அக்டோபர் முதல் அமலில் உள்ள விதிப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம். கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதில் சேராது. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் ஸ்டாண்டு சித்திரை வெயிலில் கழன்று விழும். ஏசி வென்ட்டில் மாட்டுவது மேல். பேட்டரி உள்ள எந்தக் கருவியையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, பில்லில் "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ - 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாடல் எண், ரேம், ஆண்ட்ராய்டு பதிப்பு, வாரண்டி யார் தருவது என்று எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.