புராஜெக்டுக்கு எந்தச் சோதனை? விதை போடும் முன்பே முடிவு செய்வது எப்படி

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் என் புராஜெக்டுக்காக இரண்டு பெரிய க்ரோ பேக்குகளில் பச்சைப்பயறு போட்டேன். ஒன்றில் மண்புழு உரம் கலந்த மண், இன்னொன்றில் வெறும் மண். பைக்கு 15 செடி. 30 செடிகளையும் ஸ்கேல் வைத்து அளந்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை போட்டதில் பி மதிப்பு 0.001க்குக் கீழே வந்தது. (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. 0.05க்குக் கீழே வந்தால் வேறுபாடு உண்டு என்று எழுதுவது வழக்கம்.) சந்தோஷமாக பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் ஒரே கேள்விதான் கேட்டார். "எத்தனை பை வைத்தீர்கள்?" இரண்டு என்றேன். "அப்போது உரம் போட்டதற்கு ஒரு மாதிரி, போடாததற்கு ஒரு மாதிரி. இதில் எப்படி டி சோதனை?"

என்னிடம் பதில் இல்லை. பல நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்தது. இப்போது இளநிலை மாணவர்களுக்கு புராஜெக்ட் பார்த்துக் கொடுக்கும்போது, விதை வாங்கும் முன்பே சோதனையை முடிவு செய்ய வைக்கிறேன். அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். சராசரி, திட்ட விலக்கம் இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நோட்டில் என்ன எழுதப்போகிறீர்கள்?

ஒரு செடியின் முன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "24.5 செ.மீ." என்று எழுதினால் அது அளவீடு. "முளைத்தது", "முளைக்கவில்லை" என்று டிக் போட்டால் எண்ணிக்கை. வாடலுக்கு 1 முதல் 5 வரை மார்க் போட்டால் தரவரிசை. பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும். எண்ணிக்கை என்றால் கை-வர்க்கச் சோதனை; எண்ணிய எண்களை, வேறுபாடே இல்லாவிட்டால் வர வேண்டிய எதிர்பார்ப்பு எண்களோடு அது ஒப்பிடும். அளவீடு என்றால் இரு குழுவுக்கு டி சோதனை, அதற்கு மேல் அனோவா. தரவரிசை என்றால், எண்களின் அளவை விட்டு அவற்றின் வரிசையை மட்டும் ஒப்பிடும் மான்-விட்னி போன்றவை.

எண்ணிக்கையில் ஒரு பள்ளம் உண்டு. 80 டீ கப்பில் கப்புக்கு ஒரு விதை போடுகிறீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றிய 40இல் 36 முளைத்தன, உப்புத் தண்ணீர் ஊற்றிய 40இல் 30. நோட்டில் பலரும் இதை 90 சதவீதம், 75 சதவீதம் என்று மாற்றி எழுதிவிட்டு, அந்த 90, 10, 75, 25ஐயே கை-வர்க்க அட்டவணையில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் விடை 7.79. 5 சதவீதத்துக்கான அட்டவணை எல்லை 3.841, அதைத் தாண்டிவிட்டது, ஆகவே வேறுபாடு உண்டு என்று எழுதுவார்கள். உண்மையான எண்களான 36, 4, 30, 10ஐப் போட்டுப் பாருங்கள். 3.12தான் வரும், எல்லையைத் தாண்டவில்லை. சதவீதமாக்கியபோது 40 விதை 100 விதையாகிவிட்டது. நீங்கள் போடாத 60 விதைகளுக்கும் சோதனை மதிப்புக் கொடுத்துவிட்டது. கை-வர்க்கத்தில் எப்போதும் விரல்விட்டு எண்ணிய எண்தான் போக வேண்டும். எதிர்பார்ப்பு எண் ஏதாவது கட்டத்தில் 5க்குக் கீழே போனால் ஃபிஷர் எக்ஸாக்ட் சோதனைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒப்பீடா, தொடர்பா?

இது சுலபம். உரம் போட்டது, போடாதது என்று இரு குழு இருந்தால் ஒப்பீடு. சாலையிலிருந்து தள்ளிப் போகப் போகப் புங்க இலையில் தூசி குறைகிறதா என்று பார்த்தால் தொடர்பு, அதற்கு ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்). புள்ளிகள் நேர்கோட்டை ஒட்டி விழுந்தால் பியர்சன். வளைந்தாலும் ஒரே திசையில் போனால் ஸ்பியர்மன்.

ஒப்பீட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறும் முன்னும் பின்னும் அதே பத்துப் பேரின் நாடித்துடிப்பை எடுத்தால் அது இணை டி சோதனை. வெவ்வேறு ஆட்கள் என்றால் சாதாரண டி சோதனை.

மூன்றாம் படி: உங்கள் மாதிரி எண்ணிக்கை உண்மையில் எத்தனை?

நான் விழுந்த இடம் இது. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: உரத்தை எதற்குக் கொடுத்தீர்கள்? செடிக்கா, பைக்கா? நான் பைக்குக் கொடுத்தேன். ஒரே பைக்குள் இருக்கும் 15 செடிகளுக்கும் ஒரே மண், ஒரே ஈரம், ஒரே வெயில். என் உரப் பை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. செடி உயர்ந்தது உரத்தாலா, தொட்டி நிழலாலா என்று என் தரவால் பிரித்துச் சொல்லவே முடியாது. 15 செடியை அளந்தாலும் 150 செடியை அளந்தாலும் அது ஒரு பைதான்.

இதற்கு சூடோரெப்ளிகேஷன் என்று பெயர். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியல் கள ஆய்வுகளை அலசியபோது, புள்ளியியல் சோதனை போட்டவற்றில் கிட்டத்தட்டப் பாதியில் இந்தத் தவறு இருந்தது. ஆய்வாளர்களே தடுமாறும் இடம் என்பதால் முதல் தடவை செய்கிறவர்கள் இங்கே நிதானமாக நில்லுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? பெரிய பை இரண்டுக்குப் பதில் சின்னப் பை 12 வாங்குங்கள். ஆறில் உரம், ஆறில் வெறும் மண். எந்தப் பை எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி வையுங்கள். பைக்கு ஐந்து செடி. அளந்ததும் ஒவ்வொரு பைக்கும் சராசரி எடுங்கள். கையில் 60 எண் இருக்காது, 12 எண்தான் இருக்கும். அந்த 12தான் டி சோதனைக்குப் போக வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. உரப் பைகளின் சராசரிகள் 24, 26, 23, 27, 25, 25. வெறும் மண் பைகள் 22, 23, 21, 24, 20, 22. குழுச் சராசரிகள் 25, 22. இரண்டின் மாறுபாடும் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 2. வித்தியாசம் 3ஐ, 2/6 + 2/6இன் வர்க்கமூலமான 0.816ஆல் வகுத்தால் டி மதிப்பு 3.67. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (12 எண்ணில் இரண்டு சராசரிக்கு இரண்டைக் கழித்தது) 10, அதற்கான அட்டவணை எல்லை 2.228. தாண்டிவிட்டது. 12 எண்ணே போதுமானதாக இருக்கிறது பாருங்கள். டி சோதனை பிறந்ததே சின்ன மாதிரிகளுக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார்.

நான்காம் படி: புள்ளி வைத்துப் பாருங்கள்

கிராஃப் தாளில் 12 புள்ளியையும் வையுங்கள். ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ தனியாக நின்றால், அல்லது எல்லாம் ஒரு ஓரத்தில் குவிந்திருந்தால், மான்-விட்னி பக்கம் யோசியுங்கள். எண்கள் மணி வடிவில் (இயல்நிலைப் பரவலில்) இருக்கின்றனவா என்று பார்க்கும் ஷபிரோ-வில்க் சோதனையை ஆறு எண்ணுக்குப் போட்டு "இயல்நிலைப் பரவல் உறுதி" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. இவ்வளவு சின்ன மாதிரியில் கோணல் இருந்தாலும் அந்தச் சோதனையால் பெரும்பாலும் பிடிக்க முடியாது.

எந்த மென்பொருள்?

என் தேர்வு ஜாஸ்ப் (JASP). இலவசம், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஸ்டூடண்ட் (மேலே போட்ட டி சோதனை), வெல்ச் (அதன் இன்னொரு வடிவம்), மான்-விட்னி மூன்றும் ஒரே பக்கத்தில் டிக் பெட்டிகளாக இருக்கும். வெல்ச்சை டிக் செய்யுங்கள். இரு குழுக்களின் மாறுபாடு சமமாக இல்லாவிட்டாலும் அது தாங்கும். எக்ஸெல் மட்டும்தான் இருக்கிறது என்றால் டி.டெஸ்ட் ஃபார்முலாவில் கடைசி எண்ணைக் கவனியுங்கள். இணைக்கு 1, வெல்ச்சுக்கு 3. ஆனால் இந்த ஃபார்முலா பி மதிப்பை மட்டும் காட்டும். டி மதிப்பை நீங்களே கணக்கிட வேண்டும். ரெக்கார்டில் இரண்டும் வேண்டும் என்பதால்தான் ஜாஸ்ப் சொல்கிறேன்.

பின்சேர்க்கை 1: ஜாஸ்ப்பில் குழுவைத் தேர்வு செய்ய முடியவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். எக்ஸெல் பழக்கத்தில் உரத்துக்கு ஒரு பத்தி, வெறும் மண்ணுக்கு ஒரு பத்தி என்று போட்டிருப்பீர்கள். அது இணை சோதனைக்கான வடிவம். சாதாரண டி சோதனைக்கு எல்லா உயரங்களும் ஒரே பத்தியில், பக்கத்துப் பத்தியில் "உரம்", "மண்" என்று குழுப் பெயர். 12 வரிசை வர வேண்டும்.

பின்சேர்க்கை 2: மண்புழு உரம், தொழு உரம், வெறும் மண் என்று மூன்று குழு வைத்த தம்பி ஒருவர் மூன்று டி சோதனை போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தவறுக்கு இடம் கொடுத்தால், மூன்றில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு 14 சதவீதம் வரை போகும். முதலில் ஒரு அனோவா போடுங்கள். அதில் வேறுபாடு தெரிந்தால் எந்த ஜோடியில் என்று டுக்கி சோதனை சொல்லும்.

பின்சேர்க்கை 3: "அக்கா, குழுவுக்கு மூன்று பைதான் வைத்தேன், மான்-விட்னி போட்டால் பி மதிப்பு 0.1க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். வராது. மூன்று, மூன்று என்று ஆறு எண்ணை 20 விதமாகத்தான் பிரிக்க முடியும். உரப் பைகள் மூன்றும் உயரமாகவே இருந்தாலும், இரு பக்கமும் சேர்த்து 20இல் 2, அதாவது 0.1தான் மிகக் குறைந்த மதிப்பு. குழுவுக்கு நான்கு பை என்றால் 70இல் 2, அதாவது 0.029 வரை இறங்கலாம். அவருக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்ததால் புதிதாக 12 பை வைத்து முதலிலிருந்து விதைக்கச் சொல்லியிருக்கிறேன்.