ஒரு டார்ட் வழக்கைப் பிரித்துப் படிப்பது எப்படி?

சட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் டார்ட்ஸ் பாடத்தில், அதாவது ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கும், இழப்பீடு கேட்கக்கூடிய உரிமையியல் தவறுகள் பற்றிய பாடத்தில், முதலில் திணறுவது கலைச்சொற்களில்தான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அதற்குள் சொற்களைத் தேடுங்கள். 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்லி மாநகராட்சி எதிர் சுபாக்வந்தி வழக்கை எடுப்போம்.

சாந்தினி சௌக் கடைவீதியில், டவுன் ஹாலுக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு 1950களின் தொடக்கத்தில் இடிந்து விழுந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள்.

படி 1: யார், யார்மேல்?
குற்ற வழக்கென்றால் அரசு நடத்தும், தண்டனை கேட்கும். இது உரிமையியல் வழக்கு. குடும்பத்தார் வாதிகள், மாநகராட்சி பிரதிவாதி. இவர்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கடமையைச் சுமத்துவது சட்டமே.

படி 2: கவனக் கடமை
தெருவை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர், அது வழிப்போக்கர்மேல் விழாதபடி பராமரிக்க வேண்டும்.

படி 3: கடமை மீறல்
இங்கே அவசரப்படாதீர்கள். மணிக்கூண்டின் வயது சுமார் 80. மேல்தளத்துச் சாந்தின் ஆயுளோ 40, 45 ஆண்டுகள்தான் என்று பொறியாளர் சாட்சி சொன்னார். அது பிடிப்பே இல்லாமல் பொடியாகிவிட்டிருந்தது. குறை வெளியே தெரியவில்லை என்று மாநகராட்சி வாதாடியது. மறைந்திருந்த குறைக்கும் உரிமையாளரே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

சரி, அசட்டையை வாதிதானே நிரூபிக்க வேண்டும்? வழக்கமாக ஆம். ஆனால் ‘நிகழ்வே பேசும்’ என்றொரு கோட்பாடு இருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்த கட்டடம் தானாக விழாது. அதுவும் இது முழுக்க மாநகராட்சியின் கையில் இருந்த கட்டடம். ஆகவே விழுந்ததே அசட்டைக்குச் சான்று. பராமரிப்பு விவரமெல்லாம் எதிர்த்தரப்பிடம் இருக்க, கடைவீதிக்குப் போன மனிதரைப் பறிகொடுத்த குடும்பம் எதைக் கொண்டுவந்து காட்டும்? இந்தப் பாடத்திலேயே மிக நியாயமான கோட்பாடு இதுதான் என்பேன்.

படி 4: காரணத் தொடர்பும் இழப்பும்
மீறலால்தான் இழப்பு வந்ததா என்று பாருங்கள். இங்கே அதில் சிக்கல் இல்லை. இறந்தவரின் வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றை வைத்து இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அன்று பெரிய நிலநடுக்கம் வந்து மணிக்கூண்டு விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உங்கள் விடையைத் திரும்ப எழுதிப் பாருங்கள்.