ரோட்டை அடைக்கிற நாளை எப்படிக் கடப்பது, அப்புறம் யாரிடம் புலம்புவது

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சீன அதிபர் ஷி ஜின்பிங் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் சென்னையில் இறங்கினார். கிண்டியில் ஓட்டலில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மாமல்லபுரம் கிளம்பினார். பிரதமர் மோடி அதற்கு முன்பே ஹெலிகாப்டரில் திருவிடந்தை போய் இறங்கி, கோவளம் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். விருந்தாளி மட்டும் காரில் போனார். காரில் என்றால் கிண்டியிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், நடுவில் நாங்கள் குடியிருந்த ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாக. வெள்ளி பிற்பகலிலிருந்து இரவு வரை ஒரு அடைப்பு, சனி காலையிலிருந்து பிற்பகல் வரை இன்னொரு அடைப்பு.

அந்த இரண்டு நாளில் நான் செய்த முட்டாள்தனங்களையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்த கெட்டிக்காரத்தனங்களையும் சேர்த்து இதை எழுதுகிறேன். எந்த ஊருக்கு எந்தத் தலைவர் வந்தாலும் பெரும்பாலும் இதேதான் நடக்கும்.

முதலில், அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போக்குவரத்துப் போலீஸ் இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு குறிப்பு வெளியிடுவார்கள், பேப்பரிலும் வரும், அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்திலும் வரும். அதில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி அரை மணி முன்னால் கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அது தலைவர் கடக்கும் நேரம் இல்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் கடக்கலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட அகலமான நேரம். சரியான நேரத்தையும் பாதையையும் சொல்லவே மாட்டார்கள், மாற்றுப் பாதை ஒன்றையும் தயாராக வைத்திருப்பார்கள், அதனால் அவர் போகாத சாலையிலும் தடுப்பு நிற்கும். 'அவர்தான் இந்தப் பக்கம் வரவே இல்லையே, எதற்கு சார் அடைத்தீர்கள்' என்று கேட்ட ஒருவரைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கமும் வரக்கூடும் என்பதற்காகத்தான் அந்தச் சாலையும் அடைபடுகிறது.

குறிப்பில் மூன்று விஷயத்தை மட்டும் தேடுங்கள். எந்தச் சந்திப்பில் திருப்பி விடுகிறார்கள், லாரிக்கும் கனரக வாகனத்துக்கும் தனியாக என்ன நேரம், பஸ் உண்டா இல்லையா. இதில் லாரி நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் உங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்றால் அதுதான் முக்கியம். ஓ.எம்.ஆரில் அப்போது பலருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. எங்கள் சங்கச் செயலாளர் அம்மா புதன்கிழமையே இரண்டு லோடு அதிகம் இறக்கச் சொல்லிவிட்டார், எதற்கு இவ்வளவு என்று சத்தம் போட்டவர்கள்தான் சனிக்கிழமை காலை நிம்மதியாகக் குளித்தார்கள். கேஸ் சிலிண்டர், பால், ஆன்லைன் டெலிவரி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது ஒத்திகை. இதை எந்தக் குறிப்பிலும் பெரிதாகப் போட மாட்டார்கள், நான் விழுந்த குழி இதுதான். தலைவர் வருவதற்கு ஓரிரு நாள் முன்னால், அதே எண்ணிக்கை வண்டிகளோடு, அதே வேகத்தில், தலைவர் மட்டும் இல்லாத ஒரு கான்வாயை (பாதுகாப்பு வண்டி வரிசையை) ஓட்டிப் பார்ப்பார்கள், அதற்கும் ரோட்டை நிறுத்துவார்கள். வெள்ளிதானே விசேஷம் என்று வியாழக்கிழமை என் மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு சிக்னலில் முக்கால் மணி நேரம். மாமியார், 'யாரு மாப்ள வர்றாங்க?' என்றார். 'இன்னிக்கு யாரும் வரல அத்தை, நாளைக்கு வர்றதுக்கு இன்னிக்கு ஓட்டிப் பாக்குறாங்க' என்றேன். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை என்னிடம் பேசவில்லை. ஆகவே டாக்டர், பத்திரப் பதிவு, பாஸ்போர்ட் அலுவலகம் என்று தள்ளிப் போடக்கூடிய எதையும் முந்தின இரண்டு நாளிலும் வைக்காதீர்கள்.

இப்போது வரைபடம். செல்போன் மேப் அன்றைக்கு ஓரளவுக்குத்தான் உதவும். போலீஸ் தடுப்பு வைத்தது அதற்குத் தெரியவே நேரமாகும், ரோடு காலியாக இருப்பதைப் பார்த்து 'இந்த வழி வேகம்' என்று உங்களைத் தடுப்புக்கே கொண்டுபோய் விட்டாலும் விடும். உங்கள் பகுதியின் புவியியல் உங்கள் தலையில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு எங்கள் பக்கம். கிழக்கே கடல், அதை ஒட்டி ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை), அப்புறம் பக்கிங்காம் கால்வாய், அதற்கு மேற்கே ஓ.எம்.ஆர். கால்வாயைத் தாண்டப் பாலங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், அக்கரை - சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலை அதில் ஒன்று. ஓ.எம்.ஆரும் ஈ.சி.ஆரும் ஒரே நேரத்தில் அடைபட்டால் பனையூரிலும் ஈஞ்சம்பாக்கத்திலும் இருப்பவர்கள் தீவில் இருப்பது போலத்தான், படகு இருந்தால் உண்டு (கடலுக்கும் அன்று தடை என்பது வேறு விஷயம்). ஓ.எம்.ஆருக்கு மேற்கே இருப்பவர்களுக்குப் பெரும்பாக்கம், மேடவாக்கம் வழி உண்டு, ஆனால் ஊரே அங்கே திரும்பும் என்பதால் அது வழி என்று பெயருக்குத்தான். ஆகவே நான் சொல்வது இது: எந்தப் பக்கம் வேலை இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அடைப்புக்கு முன்பே போய்விடுங்கள், திரும்பி வருவதை அடைப்பு முடிந்த பிறகு பாருங்கள். நடுவில் கடக்க முயற்சி செய்யாதீர்கள். தெரிந்த ஒருவர் திருவான்மியூரில் அக்கா வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டார், அந்த வட்டாரத்திலேயே அன்று சிரித்த முகத்தோடு இருந்தவர் அவர்தான்.

ரயில் இருந்தால் ரயில். பறக்கும் ரயிலையோ மெட்ரோவையோ சில நிமிடம் நிறுத்தி வைத்தாலும் சாலை மாதிரி மணிக்கணக்கில் நிற்காது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள் காரை மறந்துவிட்டு மெட்ரோவில் போங்கள், விமான நிலையத்துக்குள்ளேயே ஸ்டேஷன் இருக்கிறது. அலுவலகம் என்றால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். 2019-இல் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் பல அந்த வெள்ளிக்கிழமை ஊழியர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லின. அப்போது அது பெரிய சலுகை, ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்து எல்லாருக்கும் பழகிப்போனது.

நோயாளி இருக்கிற வீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டயாலிசிஸ் மாதிரி நாள் கணக்கு உள்ள சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரியில் பேசி ஒரு நாள் முன்னால் மாற்ற முடியுமா பாருங்கள். பிரசவத் தேதி நெருங்கிவிட்டது என்றால் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்திலேயே உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். அவசரம் வந்தால் சொந்தக் காரை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், சைரன் இருக்கிற வண்டிக்குத் தடுப்பு திறக்கிற வாய்ப்பு அதிகம். சொந்தக் காரில்தான் போக வேண்டி வந்தால், வரிசையில் நின்று ஹாரன் அடிக்காமல் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து போய், முதலில் தென்படும் போலீஸ்காரரிடம் ஆஸ்பத்திரி ஃபைலைக் காட்டுங்கள். அவரிடம் வயர்லெஸ் இல்லாவிட்டால் எஸ்.ஐ. எங்கே என்று கேளுங்கள். 2017-இல் பெங்களூருவில் குடியரசுத் தலைவரின் கான்வாயையே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அனுப்பினார் ஒரு போக்குவரத்து எஸ்.ஐ., அவருக்குப் பாராட்டுதான் கிடைத்தது. 2021-இல் கான்பூரில் குடியரசுத் தலைவர் வந்தபோது நெரிசலில் சிக்கி ஒரு பெண்மணி இறந்தார், போலீஸ் மன்னிப்புக் கேட்டது, சில போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். உங்களைத் தடுக்கிறவருக்கு இரண்டு கதையும் தெரிந்திருக்கும், ஆகவே கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

மற்றபடி தடுப்பில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. அவர் விடிகாலையிலிருந்து வெயிலில் நிற்கிறார், வேறு மாவட்டத்திலிருந்து கூட்டி வந்திருப்பார்கள், சோழிங்கநல்லூர் எந்தத் திசை என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. 'எப்ப சார் விடுவீங்க' என்று கேட்டால் 'இப்ப விட்டுருவோம்' என்றுதான் சொல்வார், எல்லா ஊரிலும் அதே பதில்தான். அதற்குப் பதில், 'அண்ணே, நடந்து கடக்க விடுவீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். வண்டியை விடாதவர்கள் ஆளைச் சில சமயம் விடுவார்கள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தவர்கள்தான் அன்று முதலில் வீடு சேர்ந்தார்கள். 2025 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்துக்குப் போன பிரெஞ்சு அதிபர் மக்ரோனையே டிரம்ப்பின் கான்வாய்க்காகப் போலீஸ் நிறுத்தி வைத்தது. அவர் டிரம்ப்புக்கே போன் போட்டு, உங்களுக்காக நான் தெருவில் நிற்கிறேன் என்றார். அப்புறம் அவரும் நடந்துதான் போனார். நம்மிடம் அந்த நம்பர் இல்லை, கால் இருக்கிறது.

சரி, இனி புலம்பல். புலம்ப வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய புலம்பலைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். 'பத்து வருஷமா பள்ளமா கிடந்த ரோட்டை ஒரே ராத்திரில போட்டாங்களே, இந்த மனுஷன் எங்க தெருவுக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்' என்பதுதான் அன்றைய ஹிட். அதில் சிரிப்பும் இருக்கிறது, நியாயமான கேள்வியும் இருக்கிறது. ஆனால் குழுவில் போட்டதோடு அது செத்துவிட்டது.

புலம்பல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்றால் நேரமும் இடமும் வேண்டும். 'ரொம்ப நேரம் நின்றோம்' என்பதை யாரும் மதிக்க மாட்டார்கள். எந்தச் சந்திப்பு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அறிவிப்பில் என்ன போட்டிருந்தது, கான்வாய் போன பிறகு தடுப்பை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் பாதுகாப்பு என்ற பதில் அங்கே செல்லாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ரோடு மூடிக் கிடந்தால் அது வெறும் மெத்தனம். தடுப்புக்கு, கான்வாய்க்குப் படம் எடுத்துப் போடாதீர்கள், வீண் வம்பு. நேரத்தை எழுதினால் போதும்.

பிறகு 1100-க்குப் போன் செய்து முதல்வர் உதவி மையத்தில் பதியலாம், எண் தருவார்கள். ரோடு, விளக்கு, நடைபாதைச் செலவு பற்றித் தெரிய வேண்டும் என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்புத் திட்டம், போலீஸ் எண்ணிக்கை, சீனத் தூதரகம் என்று எழுதினால் நாட்டின் பாதுகாப்புக்கும் வெளிநாட்டு உறவுக்கும் கேடு என்றால் தர வேண்டாம் என்கிற பிரிவு 8(1)(அ)-வைக் காட்டி மறுத்துவிடுவார்கள். 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தச் சாலையில் செய்த பணிகள், ஒவ்வொன்றின் செலவு, ஒப்பந்த எண்' என்று கேளுங்கள். ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்றால் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்துக்கு, உட்தெரு என்றால் மாநகராட்சிக்கு. அலுவலகம் மாறிப்போனாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் சட்டம்.

எதைப் பற்றிப் புலம்புகிறோம் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நமக்குப் போனது ஒரு மாலைப்பொழுது. மாமல்லபுரத்தில் கடை வைத்திருந்தவர்களுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் சில நாள் வருமானம் போனது. சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரை எதிர்ப்புக் காட்டிவிடுவார்கள் என்று முன்கூட்டியே பிடித்து வைத்தார்கள். இன்னொன்று, அந்தச் செப்டம்பர் 12-ஆம் தேதிதான் பள்ளிக்கரணையில் சட்டவிரோத பேனர் விழுந்து ஓர் இளம் மென்பொறியாளர் இறந்திருந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரு தலைவர்களையும் வரவேற்க பேனர் வைக்க அனுமதி கேட்டு அரசு உயர் நீதிமன்றம் போனது, அனுமதியும் கிடைத்தது. அன்றைக்கு நியாயமாகக் கொதித்தவர்கள் டிராஃபிக்குக்காகக் கொதிக்கவில்லை, இதற்காகத்தான். உங்கள் மனுவில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இடம் என்றால் இந்த மாதிரி ஒன்றை எழுதுங்கள், முக்கால் மணி நேரம் நின்ற கதையை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தலைவர் வந்து பார்த்துவிட்டுப் போன இடத்தை அடுத்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். கழுவிவிட்ட மாதிரி இருக்கும், புல்லெல்லாம் ஒரே அளவில் வெட்டியிருப்பார்கள், விளக்கு எல்லாம் எரியும். நான் தள்ளிப்போட்டேன். அதற்குள் சின்ன வயசிலிருந்து சும்மா சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு 40 ரூபாய் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.